காவிரித் திட்டில் நாங்கள் வேண்டியது

மருத மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் முழங்காலில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொடைக்கு வந்துவிட்டது. தலைக்கு மேலே கிளையில் என் மனைவி செல்லாயி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அந்த வெள்ளத்தில் என் நீச்சல் எதற்கும் ஆகாது. நாலு பக்கமும் காவிரி. கரை தெரிகிறது. கரையில் ஆட்கள் கையை ஆட்டுவதும் தெரிகிறது. அவர்கள் கத்துவது மட்டும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேர் கதையும் அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எங்கள் மலைச் சாமி அறப்பளி ஈசனை நம்புகிற எல்லோருக்கும் என் கும்பிடு. எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் கொல்லிமலையில் குண்டனி நாடு. நயா பைசா என்று புதுக் காசு வந்து நாலைந்து வருசம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்துநாலு வயது. கல்யாணமாகி ஒரு வருசம். அப்போது எங்களுக்கு பஸ் கிடையாது. மிளகையும் பலாப்பழத்தையும் தலையில் சுமந்துகொண்டு இறங்கி, பேளுக்குறிச்சிச் சந்தையில் விற்போம். எங்கள் மிளகை வாங்குகிறவர் மாரப்பன். நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவருக்கு வீடு காவிரிக் கரையில். ஒவ்வொரு சந்தைக்கும் எங்களைச் சீண்டுவார்.

"மேல இருந்து ஆத்த வேடிக்க பாத்தே உங்களுக்கு வயசாயிருமாட்ட இருக்குது. ஒரு நாளைக்கு எங்கூட்டுக்கு வாங்கப்பா. பரிசல்ல வெச்சுத் திட்டுத் திட்டாக் கூட்டிட்டுப் போறேன். குளிச்சுக் குளிச்சுத் தோலு ஊறிப் போயிரும்."

வானம் தெளிந்த நாளில் மலை விளிம்பில் நின்றால் காவிரி தெரியும், காயப்போட்ட வேட்டி மாதிரி. செல்லாயிக்கு அதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆடி பிறந்த முதல் வாரம் கிளம்பினோம். நானும் செல்லாயியும், அவள் அண்ணன் வெள்ளையனும், அவர் மனைவி குப்பாயியும். சந்தையில் மிளகைப் போட்டுவிட்டு, மாரப்பனோடு பஸ் ஏறி அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸில் செல்லாயிக்கு மூன்று தடவை வாந்தி. அப்படியும் ஜன்னலை விட்டு அவள் நகரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பரிசல் தயாராக இருந்தது. மூங்கிலில் பின்னித் தோல் போர்த்திய வட்டப் படகு, பெரிய கூடை மாதிரி இருக்கும். பரிசல்காரர் பெயர் பெரியண்ணன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். நாங்கள் ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்ததும் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. குப்பாயி வீறிட்டாள். வெள்ளையன் மச்சான் அவளைவிடப் பெரிதாக வீறிட்டுவிட்டு, இருமல் மாதிரி காட்டிக்கொண்டார்.

முதல் திட்டு வெறும் மணல். ஓரத்தில் நாணல். தண்ணீர் இடுப்பளவுதான். எங்கள் மலை ஓடையில் கால் வைத்தால் பல் கிட்டிப்போகும். செல்லாயி அந்த நினைப்பில் ஒரு விரலை மட்டும் நனைத்தாள். உடனே முகம் மலர்ந்து போனது.

"ஏனுங்க, ஆரோ வெந்நி வெச்சு விட்டிருக்காங்க!"

அப்படியே சேலையோடு உட்கார்ந்துவிட்டாள். எழுந்து வா என்றால் வரவில்லை. என் துண்டின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுத்தேன். இரண்டு தடவை மூக்கில் தண்ணீர் ஏறியது. மூன்றாம் தடவை மிதந்தாள். வானத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். ஐம்பது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்குச் சாகக் கிடந்ததுகூட எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவிட்டது. அவள் மிதந்தது மட்டும் மங்கவில்லை.

இரண்டாவது திட்டு பாறை. அதன் மேலே கன்னிமார் கல் ஏழு இருந்தது. கும்பிட்டுவிட்டு, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தின்றோம். மறுபடி குளியல். தின்ற சோறு அரை மணியில் கரைந்து, மாரப்பன் கொண்டு வந்த வாழைப்பழச் சீப்பு இரண்டும் காலியானது. மாரப்பன் சொன்ன வாக்கு பொய்யில்லை, விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப் போயிருந்தது.

மூன்றாவது திட்டுக்குப் போகும்போது பொழுது உச்சியைத் தாண்டிவிட்டது. அங்கே ஒரு மருத மரம், ஆற்றுப் பக்கம் சாய்ந்தபடி. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. பாறைக்குக் கீழே ஆழமான மடு. எனக்குக் கை கால் நிற்கவில்லை. எங்கள் ஊர் ஓடைப் பள்ளத்தில் நான்தான் பெரிய குதிகாரன். நாலைந்து தடவை குதித்திருப்பேன். பெரியண்ணன் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துடுப்பை எடுத்தார்.

"போலாமுங்க. தண்ணியில நொர வருது. மேல தொறந்துட்டாங்களாட்ட இருக்குது."

நான் மேலே பார்த்தேன். மேகம் என்று ஒரு பொட்டு இல்லை. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மலையில் தண்ணீர் என்றால் முதலில் மேகம். மேகம் இறங்கும், இடி இடிக்கும், அப்புறம்தான் ஓடையில் செம்மண் தண்ணீர் வரும். வானம் வெளுத்திருந்தால் ஓடைக்குள்ளேயே படுத்துத் தூங்கலாம். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறேன். எங்கேயோ ஓர் அணை இருக்கிறது, அங்கே கதவைத் தூக்கினால் வெயில் அடிக்கும்போதே இங்கே வெள்ளம் வரும் என்பதெல்லாம் என் புத்திக்கு எட்டவில்லை.

"மானத்தப் பாருங்க பெரியவரே, மழ எங்க பேஞ்சுது? எனக்கா தண்ணியப் பத்திச் சொல்றீங்க?" என்று சிரித்தேன்.

"இங்க மானத்தப் பாத்துத் தண்ணி வாரதில்லீங்க" என்றார் அவர். இழுப்பு கூடிவிட்டதால் ஐந்து பேரையும் ஒரே நடையில் ஏற்ற முடியாது, வருகிறவர்கள் ஏறலாம், மற்றவர்களுக்குத் திரும்பி வருகிறேன் என்றார். வெள்ளையன் மச்சானும் குப்பாயியும் மாரப்பனும் ஏறினார்கள். செல்லாயியும் ஒரு காலைப் பரிசலில் வைத்தாள். நான்தான் கூப்பிட்டேன்.

"இரு புள்ள. இன்னும் ரெண்டு குதி குதிக்கறேன், பாத்துட்டுப் போலாம்."

அவள் காலை எடுத்துவிட்டாள். புருசன் குதிப்பதைப் பார்க்கத் திட்டின் ஓரத்து மணலில் உட்கார்ந்தாள். விதி யாரை விட்டது என்று சொல்வார்கள். அது விதி இல்லை, என் வாய்க்கொழுப்பு.

இரண்டாவது குதிக்குப் பாறையில் ஏறியபோது தண்ணீர் பழுப்பாகியிருந்தது. மூன்றாவதற்குப் பாறையே பாதிதான் தெரிந்தது. செல்லாயி உட்கார்ந்திருந்த மணலைக் காணோம். அவளைத் தூக்கி மரத்தின் கிளையில் ஏற்றினேன். நானும் ஏறக் காலை வைத்தேன். சாய்ந்த மரம் நெறுநெறுவென்றது. வேர்ப் பக்கம் மண் கரைந்து போய்க்கொண்டிருந்தது. அது ஓர் ஆளைத்தான் தாங்கும். இறங்கி அடிமரத்தைக் கட்டிக்கொண்டேன்.

பெரியண்ணன் திரும்பி வரப் பார்த்தார். பரிசலை வெள்ளம் சருகு மாதிரி கீழே அடித்துக்கொண்டு போனது. எங்கேயோ போய்க் கரை ஒதுங்கி, பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோடு மேலே ஓடினார். இன்னும் மேலே போய் இறக்கினால்தான் எங்களுக்கு நேரே வர முடியும். வெள்ளையன் மச்சானும் கூடவே ஓடினார். தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது. மரம் ஆடியது.

அப்போது வேண்டினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு நாளும் வேண்டியதில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

"அறப்பளி ஈசா, நான் சாவக் கூடாது! என்னக் காப்பாத்து! மொட்ட போடறேன், ஆடிப் பெருக்குக்கு உங்கோயிலுக்கு வாரேன், என்ன விட்டுராத!"

மூச்சு வாங்க நிறுத்தினேன். அப்போதுதான் மேலே இருந்து செல்லாயி குரல் கேட்டது. கத்தவில்லை. அழுகையும் இல்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஈசா, கீழ நிக்கறாரு பாரு. அவருக்குக் கை மரத்துப் போயிருக்கும். அவரக் கரை சேத்துரு சாமி. அவரு போதும்."

நான் வேண்டியதில் அவள் இல்லவே இல்லை. என் கண்ணுக்கு மேலேதான் அவள் கால் தொங்கிக்கொண்டிருந்தது. பரிசலில் வைத்த காலை அவளை எடுக்க வைத்தவனே நான்தான். அப்படியும் அவளை எனக்கு நினைப்பு வரவில்லை. சரி, அதைக் கேட்ட பிறகாவது மாற்றி வேண்டினேனா? இல்லை. மறுபடியும் என்னைக் காப்பாற்று என்றுதான் கத்தினேன். நேரமில்லை என்று பின்னால் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். பயம்தான்.

அந்த நேரத்தில் ஆற்றின் மேல்பக்கமிருந்து ஒரு பெரிய மரம் வேரோடு புரண்டு வந்தது. நேராக எங்களைப் பார்த்து வந்தது. இடித்தால் மருத மரமும் போகும், நாங்களும் போவோம். கண்ணை மூடிக்கொண்டேன். பெரிய சத்தம் கேட்டது. கண் திறந்தேன். நான் குதித்து விளையாடிய அதே பாறை, அப்போது தண்ணீருக்குள் முழுகியிருந்தது. அதில் அந்த மரத்தின் வேர் போய்ச் சிக்கி, மரம் குறுக்கே நின்றுவிட்டது. வெள்ளம் இரண்டாகப் பிரிந்து ஓடியது. எங்கள் பக்கம் தண்ணீர் தணிந்து, இழுப்பு இல்லாமல் நின்றது. மேலே இருந்து பரிசலை விட்ட பெரியண்ணன் நேராக அந்தத் தணிந்த தண்ணீருக்குள் வந்து சேர்ந்தார். கூடவே வெள்ளையன் மச்சான், கையில் கயிறு. ஆற்றைப் பார்த்தாலே அலறுகிற மனிதர்.

செல்லாயியை முதலில் இறக்கினார்கள். பிறகு நான். கரையில் நாங்கள் விழுந்து கிடந்தபோது மாரப்பன் அழுதுகொண்டே என்னைத் திட்டினார். வெள்ளம் வரப்போகிறது என்று மத்தியானமே ஊரில் தண்டோரா போட்டிருந்தார்களாம். பெரியண்ணன் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை.

"இத்தன வருசமாப் பரிசல் ஓட்டறனுங்க. அந்தப் பாறையில ஒரு குச்சி தங்கிப் பாத்ததில்ல" என்று மட்டும் சொன்னார். சாகும் வரைக்கும் அவருக்கு வருசா வருசம் மாரப்பன் மூலமாகப் பலாப்பழம் அனுப்பினேன். பழத்தால் தீருகிற கடனா அது?

ஆடிப் பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். மொட்டை போட்டேன். கோயில் ஆற்றில் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டு செல்லாயி நின்றாள். நாட்கணக்கில் எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"செல்லாயி, அன்னிக்கு நான் என்னைய மட்டுந்தான் காப்பாத்தச் சொன்னேன். உன்னய நெனைக்கவே இல்ல."

அவள் பொரியைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "கேட்டுச்சுங்க. நீங்க போட்ட சத்தம் எட்டு ஊருக்குக் கேட்டிருக்கும்."

"கோவம் இல்லயா உனக்கு?"

"அன்னிக்கு ராத்திரி கொஞ்சம் இருந்துச்சு. அப்புறம் ரோசன பண்ணிப் பாத்தேன். உங்களுக்குன்னு ரெண்டு பேரு வேண்டுனோம். எனக்குன்னு ஒருத்தரும் வேண்டல, நானும் வேண்டல. அப்படியும் சாமி என்னயத்தானுங்க மொதல்ல எறக்குச்சு. கேக்காதவளுக்கும் குடுக்குது பாருங்க, அது எம்புட்டுப் பெரிய மனசு!"

சுற்றிலும் திருவிழாக் கூட்டம். மொட்டைத் தலையோடு நின்று தேம்பித் தேம்பி அழுதேன். அவள் முந்தானையை எடுத்து என் தலையைத் துடைத்தாள், முகத்தை விட்டுவிட்டு.

அன்றிலிருந்து கோயிலில் நின்றால் என் வாயில் முதலில் வருவது அவள் பெயர். பிறகு பிள்ளைகள், மச்சான், பக்கத்துக் காட்டுக்காரன், கடைசியில் இடம் இருந்தால் நான். பெரியவர்கள் மட்டுமில்லை, என்னைவிட வயதில் சின்னவர்கள் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கப் பழகிக்கொண்டேன். வாய்க்கொழுப்பு முழுசாகப் போகவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கிற மகள் சொல்கிறாள். அதையும் எழுதச் சொல்லிவிட்டேன்.

என்னைப் போல ஏதாவது ஓர் ஆபத்தில் நிற்கிறவர்கள் இதைப் படிக்கலாம். நமக்காக வேண்ட யார் இருக்கிறார்கள் என்று நினைக்கலாம். கலங்காதீர்கள். ஈசனை நம்புங்கள். முடிந்தால் பக்கத்தில் இருக்கிறவருக்கும் சேர்த்து வேண்டுங்கள். அன்றைக்கு அந்தத் திட்டில் செல்லாயிக்காக யாருமே கேட்கவில்லை. இன்று காலையில் எனக்கு ராகிக் களி கிண்டிப் போட்டது அவள்தான்.