கம்பெனி பஸ்ஸில் மறு எண்ணிக்கை

அன்று பஸ்ஸில் நாற்பத்திரண்டு பேர் இருந்தோம். என் அம்மா இருந்தாள், முன் சீட்டு ஸ்டிச்சிங் செக்ஷன் பெண் இருந்தாள். டிரைவர் பாய் இந்தக் கணக்கில் இல்லை, அவருக்கு ஓட்டு கிடையாது. கோயிலுக்குப் போன மூன்று பேர் வரவில்லை. வந்திருந்தால் மூவரும் அம்மன் பாட்டுக்குத்தான் போட்டிருப்பார்கள், இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

மாதனூர் பக்கத்து ஊர்களிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற ஆறு மணி பஸ். கிளம்பியதும் அம்மன் பாட்டு. வருஷக்கணக்காக பாய்தான் போடுவார். அம்மாவுக்கு அதுதான் பூஜை. நாலு மணிக்கு எழுந்து சமைத்து ஓடிவருகிறவளுக்கு வீட்டில் விளக்கேற்ற நேரம் ஏது? பாட்டு ஆரம்பித்ததும் பஸ்ஸிலேயே குங்குமம் வைத்துக் கண்ணை மூடுவாள்.

அந்தப் பெண் பென் டிரைவில் சினிமாப் பாட்டு கொண்டுவந்தாள். "ஓட்டு வைப்போம்ணே. எது ஜாஸ்தியோ அது."

சாமி பாட்டை ஓட்டுக்கு விடுவதே எனக்குப் பிடிக்கவில்லை. நடந்துவருகிற நல்ல வழக்கத்தை மாற்ற நினைப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும். என் அரசியல் மொத்தமும் அவ்வளவுதான். ஆனாலும் ஜெயித்துவிடுவோம் என்ற தெம்பில் சரி என்றேன். வீட்டிலேயே முதலில் படித்தவன், கட்டிங்கில் சூப்பர்வைசர். தேர்தலை நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது. வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகளை எடுத்துவந்து மறுநாள் காலை பஸ்ஸில் ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். நேவி ப்ளூ அம்மனுக்கு, கருப்பு சினிமாவுக்கு. ஒன்றை மஞ்சப்பையில் போட வேண்டும். மார்கழி இருட்டில், பஸ்ஸின் மங்கல் பல்பில், இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும் என்று தோன்றவே இல்லை. நிறம் பார்த்துத் தோல் பிரிப்பதுதான் என் பிழைப்பு.

அந்தப் பெண் எண்ணினாள். கருப்பு இருபத்துமூன்று, நீலம் பத்தொன்பது. அம்மா குங்குமச் சிமிழைத் திறக்காமலே உள்ளே வைத்தாள்.

"மறுபடி எண்ணணும்" என்றேன்.

"இன்னாண்ணே, எண்ணிக்கை தப்புன்னு டிவில எவனாவது சொன்னா நீதானே திட்டுவே? தோத்தா ஒத்துக்கணும்னு?"

பஸ்ஸே சிரித்தது. தினமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். முகம் சுட்டது.

"ஒத்துக்கறேன். வெளிச்சத்துல ஒருவாட்டி எண்ணிட்டு ஒத்துக்கறேன்."

கம்பெனி கேட்டுக்கு வந்தபோது விடிந்திருந்தது. பாய் தன் சீட்டுப் பக்கத்து இன்ஜின் பானெட்டில் டவலை விரித்துப் பையைக் கொட்டினார். பெண்கள் சீட்டில் ஏறி எட்டிப் பார்த்தார்கள். பாய் ஒவ்வொரு தோல் துண்டையும் ஜன்னலோரம் தூக்கிக் காட்டிப் பிரித்தார். நீலக் குவியல் ஏற ஏற நானும் கூடவே எண்ணினேன். நீலம் இருபத்திரண்டு. கருப்பு இருபது.

"இருட்டுல கலர் மாத்திப் போட்டவங்க கணக்கு இன்னா ஆவுறது?" அவள் விடவில்லை. "கை தூக்கச் சொல்லு."

"மனசுல இருந்ததை எண்ண முடியாதும்மா. பையில விழுந்ததுதான் ஓட்டு" என்றேன்.

"அப்ப இந்தத் துண்டைப் பொறுக்கினது யாரு? கட்சிக்காரனே கமிஷனரு!"

பாதிப் பேர் அவள் பக்கம், பாதிப் பேர் என் பக்கம். ஒருத்தரும் இறங்கவில்லை. "போதும்டா, இறங்கு" என்று அம்மா சட்டையை இழுத்தபோதுதான் ஏழு மணி சங்கு ஊதி முடிந்திருந்தது தெரிந்தது.

"வெளிச்சத்துல எண்ணினதுதான் கணக்கு. நாளைக்கு அம்மன் பாட்டு" என்று பாய் டவலை உதறினார்.

ஏழு மணி ஆறு நிமிஷத்துக்குத்தான் கார்டு பஞ்ச் செய்தோம். ஆறு நிமிஷமானாலும் அரை மணிச் சம்பளம் என்று எல்லாருக்கும் ஒரே கட். அது கம்பெனி விதி, விதியைக் குறை சொல்கிற ஆள் நானில்லை. ஆளுக்கு முப்பது ரூபாய், அம்மாவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் சேர்த்து. மறுநாள் ஒலித்த பாட்டுக்கு எங்கள் பஸ் கொடுத்தது ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.