ஏழாம் நம்பருக்குப் போட்ட புள்ளி

உதைபந்துச் சப்பாத்தின் ஆணிகள் சீமெந்துத் தரையில் உராயும் சத்தம் உங்களுக்கு எப்படியோ, எனக்கு அதைக் கேட்டால் வாய்க்குள் இரத்தம் ருசிக்கும். போன சனிக்கிழமை லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு மைதானத்து வாசலில் நின்றபோதும் அப்படித்தான். பத்து வயதுப் பெண்பிள்ளைகள் உடை மாற்றும் அறையிலிருந்து கறகறவென்று நடந்து வந்தார்கள். நான் நாக்கால் முன்பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இரண்டும் பொய்ப்பல். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி கஜனின் மகள். கஜன் என் அக்காவின் மகன். ஆகவே அவளுக்கு நான் தாத்தா முறை. ஐம்பத்திரண்டு வயதில் இதைக் கேட்க வயிறு எரிகிறது, என்ன செய்வது. ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் அவள் கேட்டாள்.

"தாத்தா, அப்பா செம ஸ்பீடா ஓடுவாராம், உண்மையா? வீடியோ ஏதும் இருக்கா?"

"சும்மா இரு பிள்ளை" என்றான் கஜன். வீட்டு வாசலில் இறங்கும்போது அவன் வலக்காலை முதலில் வெளியே வைத்து, முழங்காலைக் கையால் ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் எழும்பினான். எப்போதும் அப்படித்தான் இறங்குவான். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

ஈராயிரங்களின் தொடக்கத்தில் நான் ஹவுன்ஸ்லோவில் இருந்தேன். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை, அதிகாலை ஷிப்ட். மத்தியானத்துக்குப் பிறகு சும்மா கிடக்கிற நேரத்தில் ஒரு தொழில்முறை உதைபந்துக் கழகத்துக்கு ஆள் பார்த்துக் கொடுத்தேன். கல்லூரிகளில் விளையாடுகிற பதினேழு, பதினெட்டு வயதுப் பெடியன்களில் மூன்று பேரை அந்தக் கழகம் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும். எடுக்கும் நாளுக்கு முன் என்னோடு சேர்த்து மூன்று பேர் மைதானம் மைதானமாகத் திரிந்து, ஒவ்வொருவனையும் தனித்தனியே பார்த்து, தாளில் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட வேண்டும். வேகம், இடதுகால், தலையடி, துணிச்சல், குணம். கலியாணத் தரகர் வேலைதான், சாதகம் மட்டும் இல்லை. எங்களுக்கு மேலே டெரி என்று ஒரு கிழவர். இறுதி முடிவு அவருடையது.

எனக்குப் பிடித்த கட்டம் துணிச்சல். ஏனென்றால் நான் விளையாடிய காலத்தில் என்னிடம் இருந்த ஒரே சரக்கு அதுதான். ஊர்க் கழகத்தில் பின்வரிசை ஆள் நான். பந்து போனாலும் ஆள் போகக் கூடாது என்பதற்கு மேல் எனக்கு உதைபந்தில் எதுவும் தெரியாது. ஒருவன் முழங்கை வாங்கி மூக்கு உடைந்து விழுந்தால், பதறாமல் மணிக்கூட்டைப் பார்ப்பேன். எத்தனை விநாடியில் எழும்புகிறான் என்று. அந்தப் புத்திக்கு நல்ல அடி கிடைக்க வேண்டும் என்று இப்போது சொல்வது லேசு. கிடைத்தது.

நிருவை நான் பிளேஸ்டோவில் கண்டுபிடித்தேன். ஜெர்மனியில் பிறந்து, பதின்மூன்று வயதில் குடும்பத்தோடு இங்கே வந்தவன், பின்வரிசை ஆட்டக்காரன். முதன்முதல் பார்த்த அன்று அவனுடைய சின்னவிரல் மூட்டு விலகிப் பின்பக்கம் திரும்பி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தானே இழுத்து நேராக்கினான். ஜெர்மனில் ஏதோ தூஷணம் சொன்னான். அடுத்த நிமிடமே, இடித்தவனின் கணுக்காலில் சப்பாத்தோடு ஏறினான். எனக்குப் புல்லரித்தது. துணிச்சலுக்கு ஒன்பது போட்டேன்.

கஜன் வேறு சாதி ஆட்டம். வலது ஓரத்தில், ஏழாம் நம்பர். அவன் வேகமாக ஓடுகிறான் என்றே முதலில் தெரியாது. பக்கத்தில் ஓடி வந்தவன்தான் ஏனோ நின்றுவிட்டான் என்று தோன்றும். அப்படி ஓர் ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்த ஓட்டத்துக்குப் பத்துக்கு ஆறு போட்டேன்.

ஏன் என்றால் சிரிப்பீர்கள். அதற்கு முந்திய கோடையில் எங்கள் ஆட்களின் போட்டி ஒன்றில், நடுவராக நின்ற மனிதர் தன் மச்சானின் அணிக்குத் தண்ட உதை ஒன்று கொடுத்தார். நியாயமான முடிவுதான், நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் "சொந்தக்காரனுக்குக் குடுத்திட்டான்" என்று ஒரு குரல் கிளம்பியதும் மூலைக் கொடிக் கம்பைப் பிடுங்கி அவரை அடித்தார்கள். கதிரைகள் பறந்தன. அவருடைய காது பாதி தொங்கியது. பெண்கள் ரோல்ஸ் பலகாரத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நம் சனத்திடம் கள்ளன் என்று பேரெடுத்தாலும் தப்பலாம், சொந்தத்துக்குச் செய்தவன் என்று எடுத்தால் தப்ப முடியாது. மாமன் மருமகனை ஏற்றிவிட்டான் என்று எவனும் சொல்லக் கூடாது. அதுதான் ஆறு. கழகத்தில் நாக்கு வழிக்கவும் வேறு தமிழர் எவரும் இல்லை, அந்தத் தாளைப் பார்க்கப் போவது ஒரு வெள்ளைக் கிழவர் மட்டுமே என்பது அப்போது என் மண்டைக்குள் ஏறவில்லை.

எடுக்கும் நாளுக்குப் பத்து நாள் இருக்க, டெரி திடீரென்று ஓர் ஆட்டம் ஒழுங்கு செய்தார். கஜனின் கல்லூரியும் நிருவின் கல்லூரியும். தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம். நிருவைத் தாண்டி கஜன் வந்துவிட்டால் பிறகு எவரும் வாய் திறக்க முடியாதே. ஆனால் நிரு உயிரைக் கொடுத்து மறித்தால்தான் அந்தத் தாண்டலுக்கு மதிப்பு. மழை தூறிக்கொண்டிருந்தது. தேநீர்க் கொட்டிலுக்குப் பின்னால் நிருவைக் கூப்பிட்டேன்.

"ஏழாம் நம்பரைப் பாத்தனியே? அவன் உன்னைத் தாண்டினா உன்ர கதை முடிஞ்சுது. நிப்பாட்டு."

"எப்பிடி அண்ணை நிப்பாட்டுறது? அவன்ர ஸ்பீடுக்கு ஏலாது."

"எப்பிடியெண்டாலும்."

முதல் இருபது நிமிடம் அவன் கஜனை அடித்த அடியை இன்று யாராவது என் கண்முன் அடித்தால் பொலிஸைக் கூப்பிடுவேன். விலாவில் முழங்கை. கெண்டைக்காலில் ஆணிகள். ஒருமுறை கஜன் முகம் குப்புற விழுந்து எழும்பியபோது வாயெல்லாம் சேறும் இரத்தமும். நான் கோட்டுக்கு வெளியே நின்று விநாடி எண்ணினேன். ஐந்தில் எழும்பிவிட்டான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் மருமகன்!

பிறகு ஒரு பந்து நீளமாக வந்தது. கஜன் போனான். நிரு நின்றுவிட்டதுபோல் தெரிந்தது. எல்லாம் முடிந்தது, இனி இவனை யாரும் பிடிக்க முடியாது என்று நினைத்த கணத்தில் நிரு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தான். காய்ந்த விறகை முறித்த சத்தம். மைதானத்தின் மறுகரைவரை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு காலுறையைக் குத்திக்கொண்டு நின்றது. பாதம் வேறெங்கோ பார்த்தது.

"மாமா, கால் நேராத்தானே கிடக்கு?"

"ஓம் தம்பி. நேராத்தான் கிடக்கு."

நிரு தலையில் கைவைத்து நின்று அழுதான். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான், "அண்ணை, நீங்கள்தானே எப்பிடியெண்டாலும் எண்டனீங்கள்." நான் அவனை யாரென்றே தெரியாதவன் மாதிரிப் பார்த்தேன்.

அதற்குள் அத்தான், கஜனின் அப்பா, "என்ர பிள்ளையை முறிச்சுப் போட்டாண்டா!" என்று கத்திக்கொண்டு குடையோடு பாய்ந்தார். குடையின் கம்பி நிருவின் கன்னத்தைக் கிழித்தது. நிருவின் தமையன் தன் காருக்கு ஓடினான். அந்த நாட்களில் நம் பெடியன்களின் கார் டிக்கிக்குள் கிரிக்கெட் மட்டை இருக்கும், பந்து இருக்காது. அத்தானின் தலைக்குக் குறிவைத்து அவன் வீசிய மட்டை என் வாயில் விழுந்தது. இரண்டு பற்களைச் சேற்றில் துப்பினேன்.

"மச்சான் என்ர பிள்ளைக்காகப் பல்லைக் குடுத்தவன்" என்று அத்தான் இன்றைக்கும் எந்தக் கலியாண வீட்டிலும் நாலு பேருக்கு முன்னால் என் தோளில் தட்டிச் சொல்வார். நான் தடுக்கப் போகவே இல்லை. ஓடித் தப்பத்தான் திரும்பினேன். திரும்பிய இடத்தில் மட்டை வந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அம்புலன்ஸ் கஜனை ஏற்றிக்கொண்டு போன பிறகு டெரி என்னிடம் வந்தார். கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றேன். ஆள் பார்க்கிற மற்ற இருவரும் அந்தப் பெடியனின் வேகத்துக்கு ஒன்பதரை போட்டிருந்தார்கள் என்றார். உன்னுடைய ஆறு மட்டும்தான் இடித்தது, உனக்கு ஏதோ குறை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், அதனால்தான் இன்னொரு தடவை பார்க்க வந்தேன் என்றார். அவன் உன் உறவா என்று கேட்டார். தலையாட்டினேன். என் தாளை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். நிருவையும் அவர் எடுக்கவில்லை. அவன் தமையன் மட்டையடிக்காகப் பொலிஸில் மாட்டினான், குடும்பம் திரும்பவும் ஜெர்மனிக்குப் போனது. நிரு கடைசிவரை எவரிடமும் என் பேரைச் சொல்லவில்லை.

அந்த மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். கழகம் சில வருடங்களில் இழுத்து மூடப்பட்டது. அலுவலகத்துத் தாள்களெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். டெரியும் இறந்துவிட்டார். அந்த நாட்களில் கைத்தொலைபேசியில் எவரும் படம் பிடிக்கவில்லை. கஜனுக்கு மூன்று தடவை காலில் சத்திரசிகிச்சை செய்து எலும்பைப் பொருத்தினார்கள். நடக்கிறான், கவுன்சிலில் வேலை பார்க்கிறான், கோபமே இல்லாத மனிதனாக இருக்கிறான். அது எனக்கு மட்டையடியைவிட நோகிறது.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, பழைய சூட்கேஸிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். மடிப்பில் என் இரத்தம் பழுப்பாகக் காய்ந்திருக்கிறது. எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பா எவ்வளவு வேகம் என்று பிள்ளை கேட்டாளே, அதற்கு இந்த லண்டனில் எழுத்தில் மிச்சம் இருக்கிற ஒரே பதில் அதுதான். பத்துக்கு ஆறு.