பின்வரிசைப் புங்கங்கன்றுகள்

நான் பள்ளிக்கூடத்துக்குள் போவது ஓட்டுப் போட மட்டும்தான். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு கல்லூரி மேடம் நோட்டும் பேனாவுமாக வந்து கேள்வி கேட்டார். இதைச் சொல்லாமல் செத்தால் என் கட்டை வேகாது.

அத்திப்பட்டு பக்கம் ஒரு கான்ட்ராக்டரின் நாற்றுப் பண்ணையில் எனக்கு வேலை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறக்கும் ரோட்டோரத்தில் நட, பைகளில் புங்கங்கன்று வளர்ப்போம். அந்தக் கோடையில் தண்ணி லாரி ஒழுங்காக வரவில்லை. வந்த தண்ணீரையும் குடத்தில் சுமக்க என் முதுகுக்கு மனசில்லை. ஆபீஸ் ஜன்னலுக்குத் தெரிகிற முன்வரிசைக்குத் தினமும் ஊற்றினேன். ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வரிசைக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை. முன்வரிசை புது மாப்பிள்ளை மாதிரி தளதளவென்று வளர்ந்தது. பின்வரிசை என்னை மாதிரி, குட்டையாக முறைத்துக்கொண்டு நின்றது.

நடுகிற அன்றைக்குத்தான் சூப்பர்வைசர் ஷெட்டுக்குப் பின்னால் வந்து பார்த்தார்.

"இன்னா நைனா, இது மட்டும் குள்ளமா கீது?"

"வெதை அப்டி சார்."

"வெதையோ கதையோ. நட்டப்புறம் இதுங்க பட்டுப்போச்சுன்னா, நீ வூட்லயே குந்திக்கோ."

எங்கள் வீட்டில் சம்பளம் என்னுடையது ஒன்றுதான்.

நட்ட பிறகு பத்து நாள் அனல் காற்று. லாரியும் இல்லை. மாப்பிள்ளைகள் எல்லாம் துவண்டு படுத்துவிட்டார்கள். குள்ளன்கள் நின்றார்கள்! சூப்பர்வைசர் குழம்பிப்போய், செடிகளைப் பற்றிப் பாடம் எடுக்கும் அந்தக் கல்லூரி மேடத்தைக் கூட்டிவந்தார். மேடம் இரண்டு கன்றுகளைத் தோண்டிப் பார்த்தார். நெட்டையனுக்கு வேர் விரல் நீளம். குள்ளனுக்கு முழங்கை நீளம்.

"தண்ணி கொறஞ்சா வேர் ஒரு ஹார்மோனை மேல அனுப்பும். இலையில இருக்கிற துளையை மூடு, மேல வளர்றதை நிறுத்து, சத்தை வேருக்குக் குடுன்னு அது சொல்லும். அப்சிசிக் ஆசிட்னு பேரு."

"ஆசிட்டா? சத்தியமா நான் ஊத்தல மேடம்!"

அவர் சிரித்துவிட்டார். "செடியே உண்டாக்கிக்கும் அண்ணா. நடறதுக்கு முன்னாடியே நீங்க பழக்கியிருக்கீங்க, அதான் தாங்குது. எப்படிச் செஞ்சீங்க?" நோட்டைத் திறந்தார்.

'அனுபவம் மேடம்' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்கிறார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். ஆனால் என் பேச்சு ஒரு நோட்டில் ஏறுவது அதுதான் முதல் தடவை. அதில் பொய் ஏற வேண்டாமென்று தோன்றியது.

"சோம்பேறித்தனம் மேடம். மூணு நாளிக்கு ஒரு தபாதான் ஊத்தினேன். அதுல கொஞ்சம் செத்தும்பூட்ச்சு, தூக்கிப் போட்டுட்டேன்."

மேடம் அதையும் எழுதிக்கொண்டார். சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கஸ்மாலம்! இனிமே எல்லா வரிசைக்கும் அப்டியே பண்ணு. ஆனா நாள் எண்ணிப் பண்ணு."

இப்போது கன்றுகளைத் தவிக்கவிடுவது என் பொறுப்பு. தினமும் ஒவ்வொரு இலையாகத் தொட்டு, மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும். தவிக்கணும், சாகக்கூடாது. இதற்குக் குடம் சுமப்பதே சுகம். ஆனால் இந்த வேலை இங்கே என்னை விட்டால் யாருக்கும் வராது.

நேற்று தண்ணி ஊற்றுகிற நாள் இல்லை; பழக்கதோஷத்தில் குடத்தைத் தூக்கிவிட்டேன். ஆபீஸ் ஜன்னலிலிருந்து சூப்பர்வைசர் சத்தம் வந்தது.

"யோவ், வாத்தியாரே! இன்னிக்கு இன்னா தண்ணி? வையி கீழ!"