மூன்றாவது விலைப்புள்ளி

மேசை மேல் வைத்து மரம் அறுக்கும் சிறிய பேண்ட் சா ஒன்று வாங்கத் தோன்றியபோது, அரசுக் கொள்முதல் பிரிவில் ஆயுளைக் கழித்தவன் செய்வதையே நானும் செய்தேன். முதலில் முடிவெடுத்தேன், பிறகு விலைப்புள்ளி கேட்டேன்.

இணையத்தில் பார்த்த இயந்திரம் நீல நிறம். பிடித்துவிட்டது. அன்றே பணம் கட்டினேன். ஆனால் நிறம் பிடித்தது என்று கோப்பில் எழுத முடியாது. "நாலு இடம் விசாரிச்சு வாங்குங்க" என்று மனைவி வேறு சொல்லியிருந்தாள். ஆகவே சக்கர விட்டம், வெட்டு உயரம், மோட்டார் திறன் என்று கட்டம் போட்டு ஓர் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். நான் வாங்கிய கடை ஒன்று, சென்னைக் கடை இன்னொன்று. விதிப்படி மூன்று வேண்டும்; மூன்றாவது கட்டம் காலி.

ஏனாத்தூர் சாலையில் தறிச் சாமான் செய்யும் தச்சர் ஒருவர் தன் பழைய பேண்ட் சாவை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு அவரிடம் போனேன். "எழுத்துல குடுங்க, பரிசீலிக்கிறேன்" என்றேன். பரிசீலனை என்ற சொல்லை எங்கள் அலுவலகத்தில் யாரும் நம்பியதில்லை. அவர் நம்பினார். இயந்திரத்தைப் பார்க்கக்கூட உள்ளே போகாமல், அவர் எழுதித் தந்த நோட்டுத் தாளோடு திரும்பினேன். மனைவியிடம் கோப்பைக் காட்டினேன். நீல இயந்திரமும் வந்து சேர்ந்தது.

பத்து நாள் கழித்து ஒரு காலை, வாசலில் லோடு ஆட்டோ. தச்சரும் ஓட்டுநரும் கனமான அந்தப் பழைய இயந்திரத்தைத் தூக்கி வந்து வராந்தாவில் இறக்கினார்கள்.

"தாள்ல பாத்தா இன்னா சார் தெரியும்? ஓட்டிக் காட்டலாம்னு எடுத்துக்கினு வந்துட்டேன்."

நிமிர்ந்தவர் மேசை மேலிருந்த நீலத்தைப் பார்த்தார்.

"இது எப்ப சார் வந்துச்சு?"

காபியோடு வந்த மனைவி சொன்னாள்: "பத்து நாளாச்சேப்பா. மூணுல இதுதான் தேறிச்சுன்னு ஃபைல் காட்டினாரே."

அவர் அதற்கப்புறம் அவளிடம்தான் பேசினார். "திருப்புட்குழிலேர்ந்து ஒருத்தர் வந்து கேட்டாரும்மா. சார் பாத்துக்கினு இருக்காருன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவரு வேற எடத்துல வாங்கிட்டாரு." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "என் தாளைக் குடுத்துடுங்க சார். வேற யாருனா கேட்டா காட்டலாம்" என்றார்.

கோப்பிலிருந்து அதை உருவினேன். வார்ப்பிரும்பு மேசை, புது பிளேடு இரண்டு, பெல்ட் மாற்றியது என்று அவர் நிதானமாக எழுதியிருந்ததன் குறுக்கே, சிவப்பு மசியில் என் அழகிய கையெழுத்து: 'இயக்கிப் பார்த்ததில் அதிர்வு மிகுதி. பரிந்துரைக்கப்படவில்லை.' கீழே சுருக்கொப்பம், தேதி. எல்லாம் முறைப்படி.

இரண்டு முறை வாசித்தார்.

"எப்ப சார் ஓட்டிப் பாத்தீங்க?"

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிளக்கை மாட்டி இயந்திரத்தைப் போட்டார். பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, ஓடும் இயந்திரத்தின் மேசை மேல் செங்குத்தாக நிறுத்தினார். பிளேடு சுற்றியது. காசு ஆடாமல் நின்றது.

போதும் என்று நான் சுவிட்சுக்குக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும் சார்," என்றார். "கொஞ்ச நேரம் ஓடட்டும். பாருங்க."