ஆர்டர் கீது

நர்மதா வக்கீல் பரீட்சையில் தேறிய செய்தி வந்தபோது அவள் அம்மா புஷ்பவல்லி காசிமேட்டில் மீன் ஏலத்தில் நின்றுகொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்தவள், கையிலிருந்த சங்கரா மீன் கூடையைப் பக்கத்துக்காரியிடம் தள்ளிவிட்டு, "எம்பொண்ணு கோர்ட்ல பேசப் போறா. இன்னிக்கு எனுக்கு யாவாரம் கெடையாது" என்று சொல்லி எண்ணூர் பஸ் ஏறிவிட்டாள். கோர்ட்டில் பேசப் போகிறாளாம். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

சட்டம் படித்துப் பட்டம் வாங்கினால் வக்கீல் என்றுதான் காத்திவாக்கத்து மீனவர் குப்பமே நினைத்திருந்தது. அப்படி இல்லை. பட்டம் வாங்கி, கறுப்புக் கோட்டு தைத்து, பார் கவுன்சிலில் பேரைப் பதிந்த பிறகும் ஒரு பரீட்சை உண்டு. இரண்டு வருஷத்துக்குள் அதில் தேறாவிட்டால் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான். நர்மதா முதல் தடவை இங்கிலீஷில் எழுதினாள். ஊற்றிக்கொண்டது. இரண்டாம் தடவை தமிழில் எழுதினாள். சட்டப் புத்தகத்துத் தமிழைக் காத்திவாக்கத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை என்றாலும், பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

படித்த இடம் கழிமுகத்தை ஒட்டிய திடல். குப்பத்து ஜனங்கள் படகு ஏற்றுவதும் வலை உலர்த்துவதும் கருவாடு காயப் போடுவதும் அங்கேதான். வீடு ஒற்றை அறை, அதில் டிவி வேறு. அதனால் காயும் வலைகளுக்கு நடுவே ஒரு கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்து, இடைக்காலத் தடை உத்தரவு என்றால் என்ன, அது எதுவரை செல்லும், எப்போது செத்துப்போகும் என்றெல்லாம் உருப்போட்டாள். பரீட்சையில் அதே கேள்வி வந்தது. சரியான விடையைத்தான் எழுதினாள். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பையன்கள் திடலில் பேனர் கட்டினார்கள். கறுப்புக் கோட்டில் நர்மதா, பக்கத்தில் பாயும் புலி, கீழே 'எங்கள் கடலோரத்தின் முதல் வழக்கறிஞர்' என்று ஒரு வரி. புலி எதற்கு என்று கேட்டதற்கு, டிசைன் அப்படித்தான் வரும் என்றார்கள். ஆறு மாதம் கழித்து அந்த பேனரைக் கழற்றிக் கருவாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டார்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை. மழைக்கு அது நன்றாகவே தாங்கியது.

ராயபுரத்தில் வக்கீல் சிலுவைமுத்துவின் ஆபீசில் ஜூனியராகச் சேர்ந்தாள். காலையில் போய் ஆபீசைத் திறப்பது, பெருக்குவது, பைல்களைக் கட்டுவது, சீனியரின் கோட்டை இஸ்திரிக் கடையிலிருந்து வாங்கி வருவது எல்லாம் அவள் பொறுப்பு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மறித்துக்கொண்டு நிற்கும் நாளில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த வெயிலில் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு நடப்பாள். படிப்புக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், எல்லாரும் இப்படித்தான் வந்தோம் என்பார் சிலுவைமுத்து. அவர் நிஜமாகவே அப்படித்தான் வந்தவர். அந்தத் திமிரை அவர் கடைசிவரை விடவில்லை.

முதல் வாரமே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "உன் பேச்சு கோர்ட்டுக்கு ஆகாதும்மா. இன்னா, கீதுன்னு ஜட்ஜ் முன்னாடி ஆரம்பிச்சிடாதே. ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியம் மனப்பாடம் பண்ணிக்கோ. சீனியர் வேற கோர்ட்ல இருக்கார், டைம் வேணும். அவ்வளவுதான். அதுக்கு மேல ஜட்ஜ் ஏதாவது கேட்டா, நத்திங் யுவர் ஹானர்."

இரண்டு வருஷமாக நர்மதா கோர்ட்டில் பேசியது இவ்வளவுதான். கேஸைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், டைம் கேட்பாள், வாய்தா தேதியை டைரியில் குறிப்பாள், உட்காருவாள். அம்மா தெருவில் போகிறவர்களிடமெல்லாம் பெண் வாதாடுவதைப் பற்றி அளந்துவிடுவாள். நர்மதா அதை மறுக்கவும் மாட்டாள்.

அப்போதுதான் திடலுக்கு வினை வந்தது. கன்டெய்னர் லாரி நிறுத்தும் கம்பெனி ஒன்று, அந்த இடம் தங்களுக்குக் குத்தகை என்று காகிதத்தைக் காட்டிக்கொண்டு கம்பம் நட வந்தது. குப்பம் கொதித்துப்போனது. திடல் போனால் படகை எங்கே ஏற்றுவது, வலையை எங்கே விரிப்பது? நம்ம பெண்ணே வக்கீலாக இருக்கும்போது வேறு ஆளைத் தேடுவானேன் என்று கேஸைத் தூக்கி நர்மதாவின் சீனியரிடம் கொடுத்தார்கள். முதல் வாதி அவள் அப்பா எத்திராஜ். சிலுவைமுத்து நல்லபடியாகவே வாதாடி, கம்பெனி திடலில் கை வைக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கிக் கொடுத்தார். அன்றுதான் ஆபீசில் நர்மதாவுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள்.

ஆனால் அந்தத் தடை அடுத்த வாய்தா வரைக்கும்தான். ஒவ்வொரு வாய்தாவிலும் எழுந்து, தடையை நீட்டித்துக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கேட்காவிட்டால் அன்றோடு சரி. அதைக் கேட்கும் வேலை இன்னொரு ஜூனியரான ஜெரியுடையது. நர்மதா பைலைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நிற்பாள்.

குப்பத்துக்காரர்களும் விவரமானவர்கள். கோர்ட்டு விவகாரம் புரியாவிட்டாலும் கம்பெனிக்காரன் புத்தி அவர்களுக்குப் புரியும். அதனால் பஞ்சாயத்தில் ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். வாய்தா அன்று சாயங்காலம் நர்மதா வந்து, தடை இன்னும் இருக்கிறது என்பதற்கு, "ஆர்டர் கீது" என்று சொல்ல வேண்டும். அதை எல்லையம்மன் கோயில் மைக்கில் சொல்வார்கள். மைக்கில் சொன்னால்தான் மறுநாள் படகு இறங்கும். இல்லையென்றால் ஒருத்தனும் தொழிலுக்குப் போகக் கூடாது, எல்லோரும் திடலில் வந்து குந்திவிட வேண்டும். ஒன்றரை வருஷம் இது தவறாமல் நடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜெரிக்குக் காய்ச்சல். சீனியருக்கு ஹைகோர்ட்டில் பெரிய இடத்துக் கேஸ். "நீயே போய் வாய்தா வாங்கிடு, உங்க ஊர் கேஸ்தானே" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிவிட்டார். நர்மதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முதன்முறையாகத் தன் ஜனத்துக்காகத் தனியாக நிற்கப் போகிறாள். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, கழுத்துப் பட்டையை இரண்டு தடவை சரிசெய்துகொண்டாள்.

கேஸைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். அந்த ஒரு வாக்கியத்தைத் தடுமாறாமல் சொன்னாள். கம்பெனியின் வக்கீல் பழுத்த ஆசாமி, எந்த வாய்தாவுக்கும் எகிறிக் குதிப்பவர். அன்று அவர் அவளைப் பார்த்துச் சிரித்து, "நோ அப்ஜெக்ஷன்" என்றார். நம்மையும் ஒரு வக்கீலாக மதிக்கிறார் என்று அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. ஜட்ஜ் அடுத்த மாதத்துக்குத் தேதி போட்டார். போட்டுவிட்டு, நல்ல மனுஷன், பேனாவைக் கையில் பிடித்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"

அந்த ஒரு விநாடிதான். படகின்மேல் உட்கார்ந்து உருப்போட்டதும் பரீட்சையில் எழுதியதும் அப்போது எங்கே ஒளிந்துகொண்டனவோ தெரியாது. பழகிய வாய் முந்திக்கொண்டது.

"நத்திங், யுவர் ஹானர்."

ஜட்ஜ் அடுத்த கட்டை எடுத்தார். நர்மதா சந்தோஷமாக வெளியே வந்து டீ குடித்தாள்.

மத்தியானம் ஜெரி போன் செய்தான். "நர்மதா, தடைக்கு எக்ஸ்டென்ஷன் கேட்டியா?"

விழுந்தடித்துக் கோர்ட்டுக்கு ஓடினாள். ஜட்ஜ் எழுந்து போய்விட்டிருந்தார். நாளை சனி, அப்புறம் ஞாயிறு. சீனியரைப் போனில் கூப்பிட்டாள். அவர் கத்தக்கூட இல்லை. கத்தியிருந்தாலாவது பரவாயில்லை.

"சரி விடு. திங்கக்கிழமை காலைல நானே வந்து ஜட்ஜ்கிட்ட மென்ஷன் பண்ணிக் கேட்டுக்கறேன். ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போகுது? அதுவரைக்கும் பார்ட்டிகிட்ட ஒண்ணும் உளறி வைக்காதே. ஆபீஸ் பேரு கெட்டுப்போகும்."

பார்ட்டியாம். பார்ட்டி என்றால் அவளைப் பெற்ற அப்பன்.

பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடுவது என்றுதான் நினைத்தாள். விம்கோ நகர் தாண்டும்போது எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக்கூடக் கோத்துக்கொண்டாள். குப்பத்தில் இறங்கியபோது கோயிலடியில் பஞ்சாயத்துக்காரர்கள் மைக்கோடு காத்திருந்தார்கள். அப்பா எத்திராஜும் இருந்தார். புஷ்பவல்லி அன்றைக்கு வஞ்சிரம் எடுத்து வைத்திருந்தாள், மகள் தனியாக வாதாடிய நாள் என்று.

"இன்னாம்மா, இன்னிக்கு நீயே பேசிக்கினியாமே" என்றார் எத்திராஜ். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமா நைனா."

"ஆர்டர் கீதில்ல?"

சொல்லித் தொலைத்திருக்கலாம். மறந்துட்டேன் நைனா, என் தப்பு, நாளைக்கு யாரும் கடலுக்குப் போவாதீங்க என்று சொல்லியிருந்தால் நாலு பேர் திட்டியிருப்பார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். அதோடு போயிருக்கும். அந்தத் திட்டுக்குப் பயந்தாளா, சீனியருக்குப் பயந்தாளா, அம்மா வாங்கி வைத்த வஞ்சிரத்துக்குப் பயந்தாளா? எல்லாவற்றுக்கும்தான். அத்தனை படித்த பெண்ணுக்கு உண்மையைச் சொல்லும் தைரியத்தை மட்டும் ஒரு வாத்தியாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"கீது" என்றாள்.

மைக்கில் சொன்னார்கள். "ஆர்டர் கீது. நாளைக்கு எல்லாரும் தொழிலுக்குப் போலாம்." அந்தக் குரல் வீட்டுக்குள் அவள் சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் கேட்டது.

சனிக்கிழமை விடிவதற்குள் படகுகள் போய்விட்டன. பெண்கள் காசிமேட்டுக்குப் போய்விட்டார்கள். வெயில் ஏறும் நேரத்தில் ஜேசிபி சத்தம் கேட்டது. நர்மதா போட்டிருந்த சுடிதாரோடு, பழைய ஆர்டரின் ஜெராக்சைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கொட்டகை ஏற்கெனவே சரிந்து கிடந்தது. பேனர் கூரை, புலியும் அவளுமாக மண்ணில் புதைந்திருந்தது. கம்பெனி வக்கீலின் ஜூனியர் பையன் ஒருவன் குடையோடு நின்றிருந்தான். அவள் நீட்டிய காகிதத்தை மரியாதையாக வாங்கிப் பார்த்தான்.

"மேடம், இது நேத்து வரைக்கும்தான். உங்களுக்குத் தெரியாததா?"

அதுவரை யாரும் அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை. ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு ஆட்கள் வந்து கையைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள். கண்ணெதிரே கம்பம் நட்டார்கள், நீலத் தகர வேலி அடித்தார்கள்.

மத்தியானம் படகுகள் திரும்பி வந்தன. நனைந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் தகரத்துக்கு முன்னால் நின்றார்கள். இரண்டு பேர் தகரத்தை உதைத்தார்கள். உள்ளேயிருந்து ஒருவன் போலீசைக் கூப்பிடுவேன் என்றான். எத்திராஜ் மகளிடம் வந்தார். ஏன் என்று கேட்கவில்லை, கையை ஓங்கவில்லை.

"கீதுன்னியேம்மா" என்றார். வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை சிலுவைமுத்து சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வந்தார், அரைமணி நேரம் பிளந்து கட்டினார், சட்டப் புத்தகங்களை எடுத்துப் போட்டார். ஜட்ஜ் எல்லாவற்றையும் கேட்டார். தடை முடிந்த பிறகு வேலி போட்டிருக்கிறார்கள், அதை இப்போதே பிடுங்கச் சொல்ல முடியாது என்றார். கேஸ் முடிகிறவரை இருப்பது இருந்தபடி இருக்கட்டும், இரண்டு தரப்பும் எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். கம்பெனி வக்கீல் குனிந்து வணங்கினார். வராந்தாவில் சிலுவைமுத்து நர்மதாவின் தோளைத் தட்டி, "பாத்தியா, ஆர்டர் வாங்கிட்டோம்" என்றார். அவருக்கு மெய்யாகவே திருப்தி. மறுநாள் வாய்தா கேட்க வேண்டிய கேஸ்களை அவள் கையில் கொடுத்தார். அவளும் வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கோயிலடியில் யாருமில்லை. மைக்கைக் கழற்றி உள்ளே வைத்திருந்தார்கள். எத்திராஜ் ஈர வலையைத் தெருவில் வீட்டு வாசல்களுக்குக் குறுக்கே விரித்திருந்தார். நர்மதா கோட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வலையை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்தாள். வாசலில் புஷ்பவல்லி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆர்டர் கீதா?"

"கீதும்மா." இந்தத் தடவை அவள் பொய் சொல்லவில்லை.

"யாருக்கு?"

"வேலிக்கு" என்றாள்.

புஷ்பவல்லி மீனைச் சட்டியில் போட்டு மூடி உள்ளே எடுத்துப்போனாள். சாப்பிட வா என்று அன்றைக்கு அவள் கூப்பிடவில்லை.