மீதி வராத பொருத்தம்

எருத்தேன்பதியில் சென்னியப்பனுக்குக் கடலைக்காடு நாலு ஏக்கர் இருந்தது. ஆனால் மனுசனுக்கு அதைவிடப் பெருமை, பத்தாம் வகுப்பில் கற்ற ஒரு கணக்கின் மேல்தான். டீக்கடையில் யாராவது அகப்பட்டால் போதும், "மூணு இலக்கத்துல ஒரு எண்ணைச் சொல்லுங்க, அதையே பக்கத்துல இன்னொருக்கா எழுதுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அந்த ஆறு இலக்க எண்ணை ஏழால் வகுத்தால் மீதி வராது. வந்த ஈவைப் பதினொன்றால் வகுத்தாலும் வராது. அதில் வந்ததைப் பதிமூன்றால் வகுத்தால், முதலில் சொன்ன எண்ணே வந்து நிற்கும். ஊர் வாயைப் பிளந்தது. நாளடைவில் இவர் வாக்குப் பலிக்கிறது என்று நம்பி, கிணறு வெட்டவும் மாடு வாங்கவும் கேட்க வந்தார்கள். அவரும் மறுக்காமல், மீதி வந்தால் ஆகாது, வராவிட்டால் ஆகும் என்று அதே கணக்கைப் போட்டுச் சொன்னார். அந்த மரியாதை ஆளுக்கு இனித்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் தங்கை மருதாத்தாளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். சூரியநெல்லிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த தூரத்துச் சொந்தம். பெண் பார்க்க வந்த அன்றே அவன்மேல் சாராய வாடை அடித்தது, அவளுக்குப் பிடிக்கவில்லை. நேராகச் சொல்ல வாய் வராமல், "உங்க கணக்குல போட்டுப் பாருங்கண்ணா" என்றாள். வேண்டாம் என்று வந்துவிடாதா என்ற நப்பாசை.

வீடு நிறையச் சொந்தபந்தம். அவள் 358 என்றாள். சென்னியப்பன் 358358 என்று எழுதினார். ஏழால் வகுத்து 51194, அதைப் பதினொன்றால் வகுத்து 4654, பதிமூன்றால் மறுபடி 358.

"துளி மீதி இல்லீங்க. பொருத்தம் பூரணம்!"

எல்லோரும் சிரித்தார்கள், தட்டு மாற்றினார்கள். அவள் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. பாவி மனுசன், ஒருதரம் பார்த்திருக்கலாம்.

மூன்று வருடம் கழித்து, புருசன் அவள் கையை ஒடித்துவிட்டான் என்று செய்தி வந்தது. மூணாறு வரை பஸ்ஸிலும் பிறகு ஜீப்பிலும் விழுந்தடித்துக்கொண்டு போனார். வலக்கையில் கட்டோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கெளம்பு அம்மிணி, நம்மூட்டுக்குப் போலாம்."

வரமாட்டேன் என்றாள். "கணக்கு அத்தனை சுத்தமாப் பொருந்துச்சுங்களேண்ணா. அப்பறம் கொறை எங்கிட்டத்தான இருக்கோணும்?"

சென்னியப்பன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஐயோ, அது பொருத்தமில்ல அம்மிணி. மூணு இலக்கத்தை ரெண்டுவாட்டி எழுதுனா, ஆயிரத்தொண்ணால பெருக்குன மாதிரி. ஏழு, பதினொண்ணு, பதிமூணு மூணையும் பெருக்குனாலும் அதே ஆயிரத்தொண்ணுதான். எதைச் சொன்னாலும் மீதி வராது."

அவள் நம்பவில்லை. கரித்துண்டை இடக்கையில் எடுத்து, தரையில் 641641 என்று எழுதி ஏழால் வகுத்தாள். மீதி இல்லை. 207207. அதிலும் இல்லை.

"அப்ப, வேண்டாம்னு வர்றதுக்கு வழியே இல்லீங்களா?"

"இல்ல அம்மிணி."

"வேண்டாம்னு வரும்னு நம்பித்தானுங்கண்ணா, அன்னிக்கு உங்களைக் கேட்டேன்" என்றாள் மருதாத்தாள்.