பற்றரியிடம் வந்த எஞ்சின்

எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று தொடாமலே சொல்லும் கருவியொன்று, நான் வேலைசெய்த ஆரையம்பதிப் பட்டறையில் இருந்தது. சுழலும் சில்லில் பளபளக்கும் ஒட்டுத்தாள் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டுக் கருவியின் ஒளியை அதன்மேல் பிடிக்க வேண்டும். துண்டு சுற்றி வரும்போதெல்லாம் ஒளி திரும்பி வரும். அதை எண்ணி, நிமிடத்துக்கு இத்தனை என்று காட்டிவிடும். என்னைவிடக் கெட்டிக்காரச் சாமான்.

யுத்த காலம். வாவிக்கு அக்கரையில், ஆமியின் கட்டுப்பாட்டில் இல்லாத படுவான்கரையில், கணவரை இழந்த அக்கா ஒருவர் சின்ன நெல் மில் வைத்திருந்தார். எஞ்சின் கண்டபடி வேகமாக ஓடி, அரிசியெல்லாம் உடைந்து குறுணலாக விழுந்தது. வெள்ளாமை வெட்டி முடிந்த நேரம். அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அந்த மில்லை விட்டால் வேறு பிழைப்பில்லை.

கருவியோடு துறையடிக்குப் போனேன். சோதனைச் சாவடி அதிகாரி அக்கரைக்கான தடைப்பட்டியலை விரலால் தடவித் தடவிப் படித்தார். கருவி அதில் இல்லை, போகலாம். உள்ளேயிருந்த நான்கு பற்றரிகளும் உண்டு, போகக்கூடாது. பற்றரி இல்லாமல் இது வேலைசெய்யாதே என்றேன். வேலைசெய்யாத கருவிக்குத் தடையில்லை என்று அன்பாகச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் அக்காவுக்கு ஆளனுப்பினேன்: "எஞ்சினக் கழட்டிக் கொண்டு வாங்க அக்கா, இங்க துறையடியில வச்சே சரிபாத்துத் தாறன்."

மறுநாள் அவர் எஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றி, வண்டியோடு படகில் கடந்து வந்தார். வண்டியின் மேலேயே இயக்கினோம். சாவடி முழுக்கப் புகை. சிப்பாய்கள் கூடிவிட்டார்கள். கருவியை அதிகாரியே ஆசையோடு வாங்கிப் பிடித்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகாணியைத் தளர்த்தினேன். ஆயிரத்து ஐந்நூறு, ஓட வேண்டிய சரியான வேகம். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

வண்டியைத் திருப்பினோம். அதிகாரி மறுபடி பட்டியலை எடுத்தார். எஞ்சின் அதில் இருந்தது. அங்கிருந்துதானே வந்தது என்று கெஞ்சினோம். வருவதற்குத் தடையில்லை, போவதற்குத்தான் என்றார். மனுஷன் உண்மையாகவே கவலைப்பட்டார், தன் கையால் அளந்த எஞ்சின் அல்லவா. மணல்மூட்டைகளுக்குப் பக்கத்தில், மழை படாத இடமாகப் பார்த்து இறக்கிவைக்கச் சொன்னார்.

வெறும் வண்டியில் அக்கா ஏறும்போது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"விடுங்க தம்பி. எஞ்சின் இப்ப சரியாத்தானே ஓடுது" என்றார்.

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.